பங்குச் சந்தை டிரேடிங்: புதிதாக வருபவருக்கு முதல் ஒரு வருடம்

டிரேடிங் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது 'எந்த இண்டிகேட்டர் நல்லது?' என்றுதான். அதற்குப் போகும் முன் பங்குச் சந்தையின் ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில், அதாவது பங்கு அல்லது குறியீட்டின் பின்னாள் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களில், இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய், எல்லாம் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். பங்கை அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேவில் கொஞ்சம் தேவலை. 2022-23-ல் பத்துக்கு ஏழு பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

இத்தனை பேரும் சார்ட் பார்க்கத் தெரியாதவர்கள் என்று நான் நம்பவில்லை. எவ்வளவு வாங்குவது, தப்பானால் எங்கே வெளியேறுவது, ஒவ்வொரு முறையும் செலவு எவ்வளவு போகிறது என்ற மூன்றையும் கணக்குப் போடாமல் இறங்கியவர்கள்தான் இதில் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் இந்த வழிகாட்டியில் சார்ட் பாதி தூரம் கழித்துத்தான் வரும்.

படி 1: எந்த விளையாட்டு என்று முடிவு செய்யுங்கள்

டிரேடிங் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் வகைகள் பல. சில நிமிடங்களில் வாங்கி விற்பது ஸ்கால்பிங். அன்றைக்குள் முடிப்பது இன்ட்ராடே. சில நாள் முதல் சில வாரம் வரை வைத்திருப்பது ஸ்விங். இதற்கு மேல் எஃப் அண்ட் ஓ, கமாடிட்டி, கரன்சி.

புதியவர் ஸ்விங்கில் தொடங்குவதே சரி, அதுவும் டெலிவரியில், அதாவது முழு விலை கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் முறையில், கையிலுள்ள பணத்துக்கு மட்டும். வேலைக்குப் போகிறவருக்குக் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்விங்கில் சந்தை மூடிய பிறகு உட்கார்ந்து யோசித்து, மறுநாளுக்கு ஆர்டரைத் தயார் செய்து வைக்கலாம். யோசிக்க நேரம் கிடைக்கிறது என்பதே கற்கும் காலத்தில் பெரிய சலுகை.

படி 2: பணமும் கணக்கும்

பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் டீமேட் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு), டிரேடிங் கணக்குகளை வீட்டிலிருந்தே தொடங்கிவிடலாம். பங்குகள் இருப்பது புரோக்கரிடம் அல்ல, என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற வைப்பகத்தில். அவர்கள் மாதந்தோறும் அனுப்பும் அறிக்கையைப் புரோக்கரின் செயலியோடு ஒத்துப் பாருங்கள். நாமினி பெயரைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். புரோக்கரின் செபி பதிவு எண் ஐஎன்இசட் என்ற எழுத்துகளில் தொடங்கும். செபியின் இணையதளத்தில் அதைத் தேடிப் பார்த்த பிறகே பணம் போடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வரும் இணைப்பிலிருந்து டிரேடிங் செயலி எதையும் இறக்க வேண்டாம். போலிச் செயலியில் லாபம் பிரமாதமாக ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போகும்போதுதான் 'முதலில் வரியைக் கட்டுங்கள்' என்று ஆரம்பிப்பார்கள்.

எவ்வளவு போடுவது? ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதில், மொத்தமாகப் போனாலும் வீட்டில் யாருக்கும் தெரியவராத அளவு. நகைக் கடன், பர்சனல் லோன், சீட்டு எடுத்த பணம் எதுவும் கூடாது. கடனுக்கு மாதா மாதம் வட்டி கட்ட வேண்டும். சந்தை மாதா மாதம் தராது. இனி வரும் உதாரணங்களுக்கு நீங்கள் போடும் முதல் தொகை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: ஆர்டர் போடப் பழகுங்கள்

ஒரே ஒரு பங்கை வாங்கி, விற்று, மறுபடி வாங்கிப் பாருங்கள். கற்றுக்கொள்ள வேண்டியவை நான்கு.

மார்க்கெட் ஆர்டர் கிடைத்த விலைக்கு உடனே முடியும். லிமிட் ஆர்டர் நீங்கள் சொன்ன விலைக்கோ அதைவிட நல்ல விலைக்கோ மட்டுமே முடியும். வியாபாரம் குறைவாக நடக்கும் பங்கில் மார்க்கெட் ஆர்டர் போட்டால் திரையில் பார்த்த விலை ஒன்று, கிடைத்த விலை வேறொன்றாக இருக்கும்.

நஷ்டத்தை ஓர் எல்லையில் நிறுத்தப் போடும் ஸ்டாப் லாஸ் ஆர்டரில் இரண்டு விலை உண்டு. 420-க்கு வாங்கிய பங்குக்கு டிரிகர் 410, லிமிட் 408 என்று வைத்தால், விலை 410-ஐத் தொட்டதும் 408 வரைக்கும் விற்கச் சொல்லி ஆர்டர் கிளம்பும். விலை சறுக்கி நேராக 405-க்குப் போனால் ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே நிற்கும். டிரிகருக்கும் லிமிட்டுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விடுவது இதற்காகத்தான்.

இந்த ஆர்டர் அன்றைய நாளோடு காலாவதியாகிவிடும். ஸ்விங் செய்பவர், பல நாட்களுக்கு நிற்கும் ஜிடிடி வசதியைப் பயன்படுத்தலாம். டெலிவரியில் வாங்கிய பங்கை விற்க, அதை டீமேட் கணக்கிலிருந்து எடுக்க உங்கள் அனுமதியும் தேவை. அந்த அனுமதியைப் புரோக்கருக்கு ஒரேயடியாகத் தரும் டிடிபிஐ படிவத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கவில்லை என்றால், விற்கும்போது வைப்பகம் தரும் டிபின் என்ற ரகசிய எண்ணைக் கேட்கும். அது தயாராக இல்லாவிட்டால் ஸ்டாப் லாஸ் விலை வந்தும் விற்க முடியாமல் போகலாம்.

படி 4: செலவைக் கணக்குப் போடுங்கள்

இதைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பல டிஸ்கவுன்ட் புரோக்கர்களின் இன்ட்ராடே கட்டணம் ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் அல்லது 0.03 சதவீதம், எது குறைவோ அது. இதற்கு மேல் விற்கும்போது 0.025 சதவீதம் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, வாங்கும்போது 0.003 சதவீதம் முத்திரைத் தீர்வை, சந்தைக் கட்டணம், புரோக்கரேஜுக்கும் சந்தைக் கட்டணத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

420 ரூபாய்ப் பங்கு 50 வாங்குகிறீர்கள், 21,000 ரூபாய். 421-க்கு விற்கிறீர்கள். லாபம் 50 ரூபாய் என்று செயலி பச்சை நிறத்தில் காட்டும். மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டினால் செலவு ஏறக்குறைய 22 ரூபாய். கையில் நிற்பது 28.

இப்படி ஒரு நாளைக்கு ஐந்து டிரேடு, மாதம் 20 நாள் என்றால் செலவு மட்டும் 2,200 ரூபாய். 50,000 முதலில் இது 4.4 சதவீதம். அதாவது மாதம் 4.4 சதவீதம் சம்பாதித்தால்தான் பூஜ்யத்தில் நிற்பீர்கள். வங்கியில் ஒரு வருட டெபாசிட்டுக்கு என்ன வட்டி என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி உண்டு. விற்கும்போது, டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கான டிபி கட்டணம் தனி. ஒரு தடவை பார்க்க இது அதிகமாகத் தெரியும். ஆனால் மாதம் நான்கைந்து டிரேடு, ஒவ்வொன்றிலும் நான்கைந்து சதவீத நகர்வு என்ற கணக்கில் இந்தச் செலவு தாங்கக்கூடியது. புரோக்கர் அன்றன்று மின்னஞ்சலில் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டணமும் அதில் வரிவரியாக இருக்கும்.

படி 5: எத்தனை பங்கு வாங்குவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வாங்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்த டிரேடு தப்பானால் எவ்வளவு விடத் தயார்? தொடக்கத்தில், போட்ட முதல் தொகையில் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000-க்கு 500 ரூபாய். வாங்கும் விலை 420, ஸ்டாப் லாஸ் 410. ஒரு பங்குக்கு 10 ரூபாய் ஆபத்து. 500-ஐ 10-ஆல் வகுத்தால் 50 பங்கு. ஸ்டாப் லாஸ் 400-ல் இருக்க வேண்டும் என்று சார்ட் சொன்னால் ஆபத்து 20 ரூபாய், பங்கு 25. முதலில் ஸ்டாப் லாஸ் எங்கே என்று முடிவாக வேண்டும்; எண்ணிக்கை அதிலிருந்து தானாக வரும். 'கையில் 50,000 இருக்கிறது, அதற்கு எத்தனை பங்கு வரும்' என்று கணக்குப் போடுவது தலைகீழ் முறை.

ஏன் 1 சதவீதம்? பத்து டிரேடு தொடர்ந்து தப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். தடவைக்கு 1 சதவீதம் விட்டவரிடம் இன்னும் 45,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். தடவைக்கு 10 சதவீதம் விட்டவரிடம் மிஞ்சுவது சுமார் 17,400. முன்னவர் விட்டதை மீட்க 11 சதவீதம் போதும். பின்னவர் மிஞ்சியதை ஏறக்குறைய மூன்று மடங்காக்க வேண்டும்.

பத்து நஷ்டம் தொடர்ந்து வருமா என்று கேட்கலாம். பத்துக்கு நான்கு ஜெயிக்கும் முறையில், நூறு டிரேடுக்குள் ஆறு நஷ்டம் வரிசையாக வருவது சர்வ சாதாரணம். எட்டு வந்தாலும் அதிசயமில்லை. அப்படிப்பட்ட முறையிலும் காசு பார்க்கலாம். தோற்கும்போது 500, ஜெயிக்கும்போது 1,000 என்றால் பத்து டிரேடில் வருவது 4,000, போவது 3,000. செலவுக்கு முன் மிச்சம் 1,000. 'பத்துக்கு ஒன்பது ஜெயிக்கும் ஸ்ட்ராட்டஜி' என்று விளம்பரம் பார்த்தால், அந்தப் பத்தாவதில் எவ்வளவு போகும் என்று கேளுங்கள்.

ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் எல்லாம் பத்திரம் என்றும் இருந்துவிட முடியாது. 2020 மார்ச் 5 மாலை, யெஸ் வங்கியில் பணம் எடுக்க 50,000 ரூபாய் உச்சவரம்பு வந்தது. மறுநாள் ஒரே நாளில் அந்தப் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. முந்தைய நாள் விலைக்கு இரண்டு ரூபாய் கீழே ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவருக்கு அந்த விலை கிடைக்க வாய்ப்பே இல்லை. லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி எல்லையில், பூட்டிக்கொண்ட சிறு பங்குகளிலும் இதே கதைதான். விற்க வரிசை நிற்கும், வாங்க ஆளிருக்காது. அதனால் தொடக்கத்தில் நிஃப்டி 100 குறியீட்டில் உள்ளவை போன்ற பெரிய பங்குகளோடு நில்லுங்கள், ஒரே பங்கில் முதலின் பாதியை வைக்காதீர்கள், கம்பெனியின் ரிசல்ட் வரும் நாளில் புதிதாக நுழையாதீர்கள்.

படி 6: இப்போது சார்ட்

தினசரி கேண்டில், வால்யூம் (அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை), 50 நாள் மற்றும் 200 நாள் மூவிங் ஆவரேஜ் (அத்தனை நாள் விலையின் சராசரி). முதல் ஆறு மாதத்துக்கு இது போதும். ஒரு கேண்டில் என்பது அன்றைய தொடக்க விலை, உச்சம், அடி, முடிவு விலை நான்கும்தான். அதற்கு ஜப்பானியப் பெயர்கள் ஐம்பது உண்டு. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியவை இவை. விலை மேலே போகும்போது முந்தைய உச்சத்தைத் தாண்டுகிறதா? இறங்கும்போது முந்தைய அடிக்கு மேலேயே நிற்கிறதா? எந்த விலையில் பலமுறை திரும்பியிருக்கிறது? ஏறும் நாட்களில் வால்யூம் கூடுகிறதா?

இதை வைத்து ஒரே ஒரு முறையை எழுத்தில் வையுங்கள். உதாரணத்துக்கு: பங்கு 200 நாள் ஆவரேஜுக்கு மேலே இருக்க வேண்டும்; 50 நாள் ஆவரேஜ் அருகே இறங்கி வந்திருக்க வேண்டும்; அங்கிருந்து திரும்பி முந்தைய நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்குவது; அந்த இறக்கத்தின் அடிக்குக் கீழே ஸ்டாப் லாஸ்; ஆபத்தைப் போல இரண்டு மடங்கு வந்தால் பாதியை விற்று, மீதிக்கு ஸ்டாப் லாஸை வாங்கிய விலைக்கு ஏற்றுவது. இது காசு கொட்டும் என்று நான் சொல்லவில்லை. தெளிவாக இருப்பதால் சோதித்துப் பார்க்க முடியும், அவ்வளவுதான். 'பங்கு ஸ்ட்ராங்காகத் தெரிந்தால் வாங்குவது' என்பதைச் சோதிக்கவே முடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டித் தரும் போனஸ் அல்லது ஸ்பிளிட் நாளில் விலை திடீரென்று பாதியாகத் தெரியும். பயந்து விற்கவும் வேண்டாம், மலிவு என்று பாய்ந்து வாங்கவும் வேண்டாம்.

படி 7: பழைய சார்ட்டில் ஒத்திகை

டிரேடிங்வியூ போன்ற தளங்களில் ரீப்ளே வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் சார்ட்டின் வலதுபக்கத்தை ஒரு காகிதத்தால் மறைத்து, நாள் நாளாக நகர்த்தினாலும் போதும். உங்கள் முறை சொல்லும் இடத்தில் வாங்கி, சொல்லும் இடத்தில் விற்று, குறைந்தது ஐம்பது டிரேடைத் தாளில் எழுதுங்கள். ஏறிய சந்தையை மட்டும் எடுத்தால் எல்லா முறையும் ஜெயிக்கும். 2020 மார்ச் இருக்கட்டும். அந்த மாதம் 23-ம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. 2024 ஜூன் முதல் வாரமும் இருக்கட்டும். தேர்தல் கருத்துக் கணிப்பை நம்பி 3-ம் தேதி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறிய நிஃப்டி, முடிவு வந்த 4-ம் தேதி சுமார் 6 சதவீதம் இறங்கியது.

ஐம்பதின் முடிவில் எத்தனை ஜெயித்தது, சராசரி லாபம் எவ்வளவு, சராசரி நஷ்டம் எவ்வளவு, வரிசையாக வந்த நஷ்டம் அதிகபட்சம் எத்தனை என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். நிஜத்தில் நான்கு நஷ்டம் வரிசையாக வரும்போது, 'இது ஒத்திகையிலேயே வந்ததுதானே' என்று சொல்லிக்கொள்ள முடியும்.

படி 8: நிஜப் பணம், சின்ன அளவு, ஒரு நோட்டு

மூன்று மாதத்துக்கு 1 சதவீதத்தையும் பாதியாக்கி, டிரேடுக்கு 250 ரூபாய் ஆபத்தோடு செய்யுங்கள். ஒவ்வொரு டிரேடுக்கும் தேதி, பங்கு, நுழைந்த காரணம், ஸ்டாப் லாஸ், எண்ணிக்கை, வெளியேறிய விலை, செலவு போக நிகரம், விதிப்படி நடந்தேனா என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்துக்கு 'ஆமாம்' அல்லது 'இல்லை' போதும்.

மாதக் கடைசியில் 'இல்லை' என்று எழுதியவற்றை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். பலருக்கு மொத்த நஷ்டமும் அந்த வரிசையில்தான் இருக்கும்.

அந்த 'இல்லை'களில் பாதி, விட்டதைப் பிடிக்கப் போனதாக இருக்கும். காலையில் 500 போனது. அதை மூன்றரை மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு மடங்கு அளவில் இறங்குவது. சீட்டாட்டத்தில் ஊர் பார்த்த பழைய வியாதிதான் இது. இன்னொரு பாதி 'ஆவரேஜ்' பண்ணியது. 420-க்கு வாங்கி, 410-ல் விற்காமல், 400-ல் இன்னும் ஐம்பது, 380-ல் இன்னும் நூறு. நல்ல கம்பெனியை வருடக் கணக்கில் சேர்ப்பவர் அப்படிச் செய்யலாம். இரண்டு வார டிரேடாக வாங்கியது 'லாங் டெர்ம்' ஆகிவிட்டது என்றால், அங்கே விதி போய்விட்டது என்று பொருள்.

நாளுக்கு இரண்டு நஷ்டம் ஆனால் அன்று நிறுத்தம், மாதத்தில் 5 சதவீதம் போனால் அந்த மாதம் முழுக்க நிறுத்தம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். சில புரோக்கர்களின் செயலியில், டிரேடிங்கைக் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிவைக்கும் கில் ஸ்விட்ச் என்ற வசதி உண்டு. மன உறுதியை நம்புவதைவிட அந்தப் பொத்தானை நம்பலாம்.

டிப்ஸ், வகுப்பு, டெலிகிராம்

காசு வாங்கிக்கொண்டு 'இதை வாங்கு, இதை விற்று விடு' என்று சொல்ல செபி பதிவு வேண்டும். ரிசர்ச் அனலிஸ்ட் எண் ஐஎன்எச் என்றும், முதலீட்டு ஆலோசகர் எண் ஐஎன்ஏ என்றும் தொடங்கும். பதிவு பெற்றவரும் இவ்வளவு லாபம் நிச்சயம் என்று உத்தரவாதம் தரக் கூடாது.

'நாங்கள் கல்விதான் தருகிறோம்' என்பவர்களுக்கு 2025 ஜனவரியில் செபி ஒரு கோடு போட்டது: கல்வி மட்டும் தருபவர் கடந்த மூன்று மாதத்துப் பங்கு விலைகளைக் காட்டிப் பேசக் கூடாது. அப்படியிருக்க, பதிவு எதுவும் இல்லாத ஒருவர் வகுப்பு என்ற பெயரில் லைவாக ஆர்டர் சொல்கிறார் என்றால் அது என்ன என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 30,000 ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கும் அடிப்படைப் பாடம், சீரோதா என்ற புரோக்கரின் வர்சிட்டி தளத்திலும், தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ, செபி நிறுவிய கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம் ஆகியவற்றின் பக்கங்களிலும் இலவசமாகவே இருக்கிறது. புரோக்கர்மீதோ ஆலோசகர்மீதோ புகார் இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம்.

ஆப்ஷன் எப்போது?

முதல் வருடத்தில் வேண்டாம். ஆப்ஷன் என்பது ஒரு பங்கையோ குறியீட்டையோ குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமை; அதற்குத் தரும் விலைதான் பிரீமியம். அது குறைவு என்பதால் ஆப்ஷன் மலிவாகத் தெரிகிறது. பங்கு வாங்கினால் திசை சரியாக இருந்தால் போதும். ஆப்ஷன் வாங்கினால் திசை, வேகம், நேரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். எக்ஸ்பைரி என்ற கெடு நாள் நெருங்க நெருங்கப் பிரீமியம் கரையும். பட்ஜெட், தேர்தல் முடிவு போன்ற நாட்களுக்கு முன் பிரீமியம் ஊதியிருக்கும். செய்தி வந்ததும் அது இறங்கிவிடுவதால், சந்தை நீங்கள் சொன்ன பக்கமே போயும் கையில் நஷ்டம் நிற்கும். விற்பவருக்கு அடிக்கடி சின்ன லாபம் வரும், என்றாவது ஒரு நாள் எல்லாம் போகும்.

2024 நவம்பரிலிருந்து நிஃப்டி போன்ற குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை செபி 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 50,000 முதலில் 1 சதவீத விதியைக் கடைப்பிடித்து அந்த அளவு ஒப்பந்தத்தைக் கையாள முடியுமா என்று படி 5-ன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பங்கு ஆப்ஷனில் இன்னொரு சிக்கல் உண்டு: லாபத்தில் இருக்கும் ஒப்பந்தத்தை எக்ஸ்பைரி வரை விட்டுவிட்டால் பங்கையே எடுக்க அல்லது கொடுக்க வேண்டி வரும். சில ஆயிரம் கொடுத்து வாங்கியவரிடம் பல லட்சம் கேட்கும்.

வரி

டெலிவரியில் ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால், வருடத்துக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். இன்ட்ராடே லாபம் ஸ்பெகுலேடிவ் வியாபார வருமானமாகக் கருதப்பட்டு உங்கள் வரி அடுக்கில் சேரும். அந்த நஷ்டத்தை அதே வகை லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும், நான்கு வருடம் வரை கொண்டுபோகலாம். எஃப் அண்ட் ஓ சாதாரண வியாபார வருமானம்; நஷ்டத்தை எட்டு வருடம் கொண்டுபோகலாம். நஷ்டம்தானே என்று ரிட்டர்னில் காட்டாமல் விடுபவர்கள் உண்டு. உரிய தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால் கொண்டுபோகும் உரிமையும் போய்விடும்.

வருடக் கடைசியில்

நோட்டை எடுத்து, செலவும் வரியும் போக நிகரம் என்ன என்று பாருங்கள். அதே 50,000-ஐ அதே நாளில் நிஃப்டியை அப்படியே பின்பற்றும் ஓர் இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். விதிப்படி நடந்த டிரேடுகள் நிகர லாபம் காட்டினால், ஆபத்தை 250-லிருந்து 500-க்கு ஏற்றி இன்னொரு வருடம். விதிப்படி நடந்தும் நஷ்டம் என்றால் முறையை மாற்றிப் படி 7-க்குத் திரும்புங்கள். விதியையே கடைப்பிடிக்க முடியவில்லை என்று நோட்டு காட்டினால், மீதிப் பணத்தை அந்த ஃபண்டில் போட்டு மாதாந்திர எஸ்ஐபியைத் தொடங்கிவிடுங்கள்.